தோழனுக்கு எதிராகச் சூழ்தல்: பாகமேற்கும் ஆட்டங்களில் அறம்

விளையாட்டில் அறம் பேசுவது சிலருக்கு வியப்பாகத் தோன்றலாம். பொழுது போக்குவதற்காக ஆடும் ஆட்டத்தில் அறம் எங்கிருந்து வந்தது என்று அவர்கள் கேட்பர். தோற்ற சிறுவன் அழுவதையும் ஏமாற்றப்பட்ட சிறுவன் அழுவதையும் கண்டவர்கள் அவ்வாறு கேட்கமாட்டார்கள். இரண்டும் அழுகைதான், ஆனால் தோற்றவன் மறுநாள் மீண்டும் ஆட வருவான், ஏமாற்றப்பட்டவன் வரமாட்டான். ஆட்டத்தில் இழந்ததை அடுத்த ஆட்டத்தில் மீட்கலாம். உடன் ஆடியவனிடத்தில் இழந்த நம்பிக்கையை எந்த ஆட்டத்தில் மீட்பது?

இக்கேள்வி எல்லா விளையாட்டுக்கும் பொதுவானது. எனினும் அது மிகக் கூர்மையாக எழும் களம் ஒன்று உண்டு. ஒரே அணியாக நின்று ஆடுபவர்களுள் ஒருவர், தம் துணைவர்களுக்குத் தெரியாமல் அவர்களுக்கு எதிராகவே திட்டமிடும் ஆட்டமே அக்களம். அவ்வாறு சூழ்வது முறையாகுமா? ஆகுமெனின், எந்த எல்லைக்குள்? இவற்றை ஆராய்வது ஆடுபவர்க்கு மட்டுமன்றி, வகுப்பறையில் பாகமேற்று நடித்தலைக் கையாளும் ஆசிரியர்க்கும் பயன் தரும்.

ஆட்டத்தின் இயல்பு

பாகமேற்கும் மேசையாட்டம் என்பது யாது? நால்வர் அல்லது ஐவர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒவ்வொருவரும் தமக்கென ஒரு கற்பனை மாந்தரை அமைத்துக்கொள்கின்றனர். ஒருவர் வீரர், ஒருவர் மருத்துவர், ஒருவர் வழிகாட்டி, மற்றொருவர் மந்திரம் கற்றவர். அம்மாந்தரின் வலிமை, அறிவு, விரைவு முதலியவற்றை எண்களாக ஒரு தாளில் குறித்துக்கொள்கின்றனர். இன்னொருவர் நடுவராக இருந்து, கதை நிகழும் உலகை விரித்துரைக்கின்றார். "எதிரே ஆறு பெருக்கெடுத்து ஓடுகிறது, என்ன செய்கிறீர்கள்?" என்று அவர் கேட்க, ஒவ்வொருவரும் தம் மாந்தர் செய்வதைச் சொல்கின்றனர். செயல் கைகூடுமா என்பதைப் பகடை முடிவு செய்கிறது. மேடையில்லை, ஒப்பனையில்லை, எழுதி வைத்த உரையாடலும் இல்லை. பேச்சே ஆட்டம். ஒரே கதை மாதக்கணக்கில், சில குழுக்களில் ஆண்டுக்கணக்கில் தொடர்வதும் உண்டு.

இவ்வகை ஆட்டத்தின் தோற்றத்தை ஆராய்ந்தால், மறைவுச் சூழ்ச்சி அதன் பிறப்போடு கலந்திருப்பதைக் காணலாம். 1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் டேவிட் வெஸ்லி என்பவர் போர் ஆட்டம் ஒன்றை அமைத்தார். நெப்போலியன் காலத்துக் கற்பனை ஜெர்மானிய நகரம் ஒன்று அதன் களம். படைகளை நடத்துவோர் மட்டுமன்றி, அந்நகரத்து மக்களாகவும் சிலர் பங்கு ஏற்றனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனி நோக்கம் தரப்பட்டது. விளைவு யாது? ஆடுவோர் தனித்தனியே ஒதுங்கிப் பேசி, ஒருவருக்கொருவர் தெரியாமல் திட்டமிடத் தொடங்கினர். ஆட்டம் கைமீறிவிட்டது, தோற்றுவிட்டது என்றே வெஸ்லி கருதினார். ஆடியவர்களோ மீண்டும் நடத்துமாறு வேண்டினர். அவர்களுள் ஒருவரான டேவ் ஆர்னெசன், கேரி கைகாக்ஸ் என்பவரோடு சேர்ந்து 1974இல் "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" என்னும் ஆட்டத்தை வெளியிட்டார். இன்று உலகெங்கும் ஆடப்படும் பாகமேற்கும் ஆட்டங்களுக்கு அதுவே முன்னோடி.

புதிய ஆட்டம் ஒரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. அதில் ஆடுவோர் ஒரே குழுவினர். ஒருவர் குறையை மற்றவர் நிறைத்து, பொது இடரை ஒன்றாக எதிர்கொள்பவர்கள். ஆகவே இவ்வகை ஆட்டத்துக்கு இரு மரபுகள் அமைந்தன. ஒவ்வொருவரும் தம் நோக்கத்தை மறைத்து ஆடுவது ஒன்று. அனைவரும் ஒருவரையொருவர் நம்பி ஆடுவது மற்றொன்று. முதல் மரபின் பழக்கத்தை இரண்டாவதற்குள் சொல்லாமல் புகுத்தும்போதுதான் பூசல் பிறக்கிறது.

சிக்கல் எழும் இடம்

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். கொள்ளை நோயால் வாடும் ஊருக்கு மூலிகை கொண்டுவர நான்கு மாந்தர் மலையேறுகின்றனர். பல வார ஆட்டத்துக்குப் பின் மூலிகை கிடைக்கிறது. அன்றிரவு வழிகாட்டியாக ஆடுபவர் ஒரு துண்டுச் சீட்டை மடித்து நடுவரிடம் நீட்டுகிறார். "மற்றவர்கள் உறங்கும்போது மூலிகைப் பெட்டியைப் பகையரசனின் ஒற்றனிடம் கொடுத்துவிடுகிறேன்" என்று அதில் எழுதியிருக்கிறது. மற்ற மூவரும் ஏதுமறியாமல் மறுநாள் பயணத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கின்றனர்.

இச்செயல் நன்றா, தீதா? சீட்டை மட்டும் பார்த்து விடை கூற இயலாது. இம்மூலிகைக் கதையையே மூவகையாக எண்ணிப் பார்க்கலாம். முதல் வகையில், "உங்களுள் ஒருவர் பகைவரின் ஆளாக இருக்கக்கூடும்" என்று தொடக்கத்திலேயே நடுவர் அனைவருக்கும் சொல்லியிருக்கிறார். இரண்டாம் வகையில், அப்படி எதுவும் சொல்லப்படவில்லை. நால்வரும் ஓரணி என்றே எல்லாரும் நம்பி வந்திருக்கின்றனர். மூன்றாம் வகையில், வழிகாட்டியாக ஆடுபவருக்கும் மருத்துவராக ஆடுபவருக்கும் வெளியே ஏதோ மனக்கசப்பு. அதைத் தீர்த்துக்கொள்ள ஆட்டம் கருவியாகிறது. சீட்டில் உள்ள எழுத்து மூன்றிலும் ஒன்றே. முதலாவது நல்ல ஆட்டம். இரண்டாவது முறைகேடு. மூன்றாவதோ ஆட்டமே அன்று.

மறைத்தலும் வஞ்சித்தலும்

துணைவனிடம் ஒன்றை மறைப்பதே குற்றம் என்று கருதுவோர் உளர். அது பொருந்தாது. இலங்கைத் தமிழரிடையே பெயர்பெற்ற "304" என்னும் சீட்டாட்டத்தை நோக்குக. நால்வர் இருவர் இருவராக அணி சேர்ந்து ஆடுவர். சீட்டுகள் 32. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என ஒவ்வொரு சாதிச் சீட்டுக்கும் 76 புள்ளிகள். நான்கு சாதிக்கும் சேர்த்து 304. முதல் நான்கு சீட்டுகளைக் கையில் கொண்டு கேள்வி கேட்டு, மிகுதியாகக் கேட்டவர் துருப்புச் சீட்டைத் தேர்ந்து மேசைமேல் கவிழ்த்து வைப்பார். அது எந்தச் சாதி என்பது எதிரணியினருக்குத் தெரியாது. அவருடைய கூட்டாளிக்கும் தெரியாது. இதனால் எந்தக் கூட்டாளியாவது வருந்தியதுண்டா? இல்லை. சீட்டு கவிழ்ந்திருக்கும் என்பதை அவர் அறிந்தேதான் ஆட அமர்ந்தார்.

அதே ஆட்டத்தில் ஒருவர் கூட்டாளிக்குக் கண் சிமிட்டியோ விரலை மடக்கியோ தம் கையிலுள்ள சீட்டை உணர்த்திவிட்டால் என்ன நிகழும்? "கள்ள ஆட்டம்" என்று மேசையே எழுந்து நிற்கும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. கூட்டாளிக்கு மறைப்பது நேர்மை எனவும், கூட்டாளிக்கு உணர்த்துவது களவு எனவும் கொள்ளப்படுகின்றன. அவ்வாறாயின் மறைவு தானாகவே குற்றமாவதில்லை. வெளிப்படை தானாகவே நன்மையாவதுமில்லை. ஆட அமர்ந்தவர்கள் எதற்கு இசைந்தார்கள் என்பதே நேர்மையையும் களவையும் பிரிக்கும் கோடு.

நம் சிறுவர்கள் ஆடும் ராஜா, மந்திரி, போலீஸ், திருடன் சீட்டும் இதையே கற்பிக்கிறது. திருடன் சீட்டை எடுத்த சிறுமி முகத்தைத் திருத்திக்கொண்டு, ஒன்றும் அறியாதவள்போல் அமர்ந்திருக்கிறாள். போலீஸ் சீட்டு வந்தவன் தவறான ஆளைச் சுட்டிவிட்டுத் தலையில் அடித்துக்கொள்கிறான். அனைவரும் சிரிக்கின்றனர். அவள் பொய் சொன்னாள் என்று யாரும் அவளைப் பழிப்பதில்லை. ஒருவர் திருடராக இருக்கிறார் என்பது சீட்டைக் குலுக்கும்போதே எல்லாருக்கும் தெரியும்.

துணைவனின் அரியணை

துணைவனையே வீழ்த்தும் வாய்ப்பை விதியாகவே கொண்ட பழைய ஆட்டம் ஒன்று இந்தியாவில் இருந்தது. அது நால்வர் ஆடும் சதுரங்கம். ஒவ்வொருவருக்கும் ஓர் அரசன், ஒரு யானை, ஒரு குதிரை, ஒரு படகு, நான்கு காலாட்கள். பகடையில் 5 விழுந்தால் அரசனோ காலாளோ நகரும். 4 விழுந்தால் யானை. 3 விழுந்தால் குதிரை. 2 விழுந்தால் படகு. வியாசர் யுதிட்டிரனுக்கு இவ்வாட்டத்தைக் கற்பிப்பதாக அமைந்த வடமொழிப் பகுதி ஒன்றைச் சர் வில்லியம் ஜோன்ஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் விளக்கி எழுதினார்.

அதில் கூறப்படும் விதி ஒன்று நம் ஆராய்ச்சிக்கு மிகவும் உரியது. ஓர் அரசன் மற்றோர் அரசனின் கட்டத்தில் சென்று அமர்வது சிம்மாசனம் எனப்படும். தன் துணையரசனின் கட்டத்திலேயே அமர்ந்துவிட்டால், இரு படைகளையும் நடத்தும் உரிமை அவனுக்கே வந்துவிடும். ஆகவே துணைவனோடு சேர்ந்து பகைவரைத் தாக்கும் ஒவ்வொருவனும், துணைவனின் அரியணைமீதும் ஒரு கண் வைத்திருக்கலாம்.

இதை வஞ்சகம் என்று கூறுவோமா? கூறமாட்டோம். காரணங்கள் இரண்டு. முதலாவது, இவ்விதி நால்வருக்கும் தெரியும். இரண்டாவது, காய்கள் அனைத்தும் பலகைமேல் வெளிப்படையாக நிற்கின்றன. சூழ்பவனின் மனம் மறைவாக இருக்கலாம். அவன் அரசன் நெருங்கி வருவது துணைவனின் கண்ணுக்குத் தெரிகிறது. விழிப்போடு இருப்பவன் தடுக்கலாம். தடுக்க வழியிருந்தும் தடுக்கத் தவறியவன் தன் கவனக்குறைவை நொந்துகொள்வானேயன்றித் துணைவனை நொந்துகொள்ளமாட்டான்.

பாகமேற்கும் ஆட்டத்துக்கு இது நல்ல அளவுகோல். அங்கே பலகையில்லை, கண்ணால் காணும் காயும் இல்லை. நடுவர் சொல்வதே கண், நடுவர் சொல்வதே காது. எனவே ஒருவர் மறைவாகச் சூழும்போது, மற்றவர்கள் கண்டறியக்கூடிய தடயம் ஏதேனும் கதைக்குள் இருந்தாக வேண்டும். வழிகாட்டி நள்ளிரவில் எழுந்தால், காவலிருப்பவர் காலடி ஓசையைக் கேட்கப் பகடை உருட்டும் வாய்ப்புத் தரப்பட வேண்டும். அவ்வாய்ப்பே இல்லாதபடி எல்லாம் துண்டுச் சீட்டிலேயே முடிந்துவிட்டால், அது சிலர் ஆடிய ஆட்டம். மற்றவர்கள்மேல் ஆடப்பட்ட ஆட்டம்.

வேடமும் வஞ்சமும்

வேடமிட்டுச் செய்த வஞ்சகத்துக்குத் தமிழர் நன்கறிந்த சான்று மெய்ப்பொருள் நாயனார் வரலாறு. போரில் வெல்ல முடியாத முத்தநாதன், சிவனடியார் கோலம் பூண்டு, ஓலைச் சுவடிக்குள் குறுவாளை மறைத்துக்கொண்டு திருக்கோவலூர் அரண்மனைக்குள் புகுந்தான். வணங்கிய அரசரைக் குத்தினான். நாயனாரோ, அடியார் கோலத்தில் வந்தவனுக்குத் தீங்கு நேராமல் ஊரெல்லை வரை கொண்டுவிடுமாறு தம் காவலன் தத்தனைப் பணித்தார். வணங்கும் கைக்குள்ளும் படைக்கருவி மறைந்திருக்கலாம் என்று வள்ளுவர் கூடா நட்பு அதிகாரத்தில் எச்சரிப்பதும் இத்தகையோரை நோக்கியே.

முத்தநாதனும் வேடம் பூண்டான். மேசையாட்டக்காரரும் வேடம் பூணுகின்றார். வேறுபாடு யாது? முத்தநாதனின் வேடம் வேடம் என்பது அவன் ஒருவனுக்கே தெரியும். மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களின் வேடம் வேடம் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் ஓரணி என்று நம்பி வந்தவரிடம், அந்நம்பிக்கை பிழை என்பதைச் சொல்லாமல் ஆடுபவர், மேசையாட்டக்காரரின் இடத்திலிருந்து முத்தநாதனின் இடத்தை நோக்கி ஓர் அடி நகர்ந்துவிடுகிறார்.

தெருக்கூத்து மரபு இதற்கு மறுபக்கத்தைக் காட்டுகிறது. பாரதக் கூத்தில் திரௌபதியின் துகிலுரியும் காட்சி கொடியது. சில கூத்துக் குழுக்களில் அக்காட்சிக்கு முன் ஆட்டத்தை நிறுத்திக் கற்பூரம் ஏற்றித் திரௌபதியை வணங்கும் வழக்கம் உண்டு. துச்சாதனனாக ஆடுபவர் அவ்வணக்கத்தில், தம் மனத்துக்கும் தாம் ஏற்ற பாகத்துக்கும் இடையே ஒரு கோட்டைக் கிழித்துக் காட்டுகிறார். கொடியவனாக ஆடுவதில் அவருக்குக் குறைவில்லை. கோட்டை அழிப்பதே குறை. படிப்பறியாத ஊரிலும் விளங்கிய இந்த அறிவு, படித்தவர் கூடும் மேசையில் மறைந்துவிடலாகாது.

"என் பாத்திரம் அப்படிப்பட்டது"

துணைவரை வஞ்சித்து ஆடியவரைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே விடை வரும்: "நான் என்ன செய்ய? என் பாத்திரம் அப்படிப்பட்டது." இவ்விடையில் பாதி உண்மை உண்டு. பாத்திரத்தின் இயல்புக்கு ஏற்ப ஆடுவதே நல்ல ஆட்டம். பேராசைக்காரனாக அமைத்த மாந்தனை வள்ளலாக ஆட முடியாது.

மறைந்து நிற்கும் மறுபாதி இது. கூத்தில் சகுனியாக ஆடுபவர் சகுனியைப் படைக்கவில்லை. சகுனி என்ன செய்வான் என்பது கதையில் முன்பே முடிந்துவிட்டது. எதிரே தருமனாக ஆடுபவருக்கும் அது தெரியும். மேசையாட்டத்திலோ ஆடுபவரே தம் மாந்தனைப் படைத்தவர். பேராசைக்காரனாக அவனை அமைத்ததும் அவரே; அன்றிரவு சீட்டெழுதியதும் அவரே. தாம் படைத்த பாத்திரத்தின்மேல் தம் செயலுக்கான பழியைச் சுமத்துவது, கையைக் குற்றம் சாட்டி ஆள் தப்பிக்க முயல்வது போன்றது.

டச்சு வரலாற்றறிஞர் யோஹான் ஹெய்சிங்கா, மனிதரின் விளையாட்டு இயல்பைப் பற்றி 1938இல் வெளியிட்ட நூலில் இருவகையினரைப் பிரித்துக் காட்டினார். கள்ள ஆட்டம் ஆடுபவன் ஒருவன். ஆட்டத்தையே கெடுப்பவன் மற்றொருவன். கள்ள ஆட்டக்காரன் விதியை மீறினாலும் ஆட்டத்தை மதிப்பதாக நடிக்கிறான். ஆட்டத்தைக் கெடுப்பவனோ அந்தக் கற்பனை உலகையே உடைத்துவிடுகிறான். ஆதலால் சமுதாயம் முன்னவனைவிடப் பின்னவனையே கடுமையாக நோக்குகிறது என்பது அவர் கருத்து. வெளிப்பகையை மேசைக்குக் கொண்டுவந்து பாத்திரத்தின் பெயரால் தீர்த்துக்கொள்பவன் இவ்விருவருக்கும் இடையே நிற்கின்றான். அவன் எந்த விதியையும் மீறவில்லை; கற்பனை உலகை உடைக்கவுமில்லை. அதை ஒரு திரையாகத் தொங்கவிட்டு, அதன் பின்னிருந்து மெய்யான ஆளைத் தாக்குகிறான். வள்ளுவர் உட்பகை என்று தனி அதிகாரம் வகுத்துப் பேசியது இத்தகைய பகையின் கேட்டையே.

பாத்திரத்தின் மனம் உண்மையாகவே மாறிவிட்டால், மறைவைத் தவிர வேறு வழியும் இருக்கிறது. பட்டிமன்றங்களில் ஓயாது பேசப்படும் வீடணனை நினைவுகூர்க. அவன் தமையனைப் பிரிந்தது சரியா என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் அவன் அவையிலே அறிவுரை கூறினான். அது ஏற்கப்படாமல் பழிக்கப்பட்ட பின்னரே பிரிந்து இராமனிடம் சென்றான். இலங்கையில் இருந்துகொண்டே இரவில் கோட்டைக் கதவைத் திறந்துவிடவில்லை. கும்பகருணனைப் போற்றுவோரும் வீடணனை மறைந்திருந்து கொன்றவன் என்று சொல்வதில்லை. மேசையாட்டத்திலும் வழிகாட்டி, "இந்த மூலிகை பகையரசனின் மக்களுக்கும் வேண்டும்; நான் உங்களோடு வரப்போவதில்லை" என்று எழுந்து சொல்லலாம். அங்கே பிறக்கும் வாதம், மடித்த சீட்டைவிடச் சுவையான நாடகமாகும்.

நடுவரின் பொறுப்பு

மறைவுச் சூழ்ச்சியில் பலரும் கவனியாது விடும் ஒருவர் நடுவர். சீட்டை வாங்கிப் படித்து, தலையசைத்து, ஒன்றும் நடவாததுபோல் கதையைத் தொடர்பவர் அவர். அவர் இசைவில்லாமல் சூழ்ச்சி ஓர் அங்குலமும் நகராது. "நடுவருக்குச் சொல்லிவிட்டேன், ஆகவே குற்றமில்லை" என்று சூழ்பவர் வாதிடுவதும் உண்டு. நடுவர் அறிந்தால் போதுமா?

தெப்ராவ் வட்டாரத்தின் பழைய வரலாறு இங்கு ஓர் ஒப்புமை தருகிறது. 1844இல் தான் கீ சூன் என்னும் சீனத் தலைவர் சிங்கப்பூரிலிருந்து தம் ஆட்களோடு வந்து, தெப்ராவ் ஆற்றங்கரையில் காடு திருத்திக் குடியிருப்பு அமைத்தார். மிளகும் கேம்பியரும் அக்காலத்தில் ஜொகூர் ஆற்றங்கரைகளில் பெருகிய பயிர்கள். அவர் ஙீ ஹெங் சங்கத்தைச் சேர்ந்த தலைவர். சடங்குகளையும் உறுதிமொழிகளையும் மறைவாகக் காத்த சங்கம் அது. சிங்கப்பூரை ஆண்ட ஆங்கில அரசு அத்தகைய சங்கங்களை 1890 முதல் சட்டத்தால் ஒடுக்கியது. ஜொகூர் ஆட்சியாளர்களோ அச்சங்கத்தை அறிந்தே ஏற்று, அது ஒன்றை மட்டும் தம் நாட்டில் இயங்க விட்டனர். ஆட்சியாளர் அறிந்திருந்தமையால், அச்சங்கத்தின் மறைவு ஆட்சிக்கு எதிரான சதியாகக் கருதப்படவில்லை.

நடுவர் அறிந்த சூழ்ச்சியும் அதுபோல் ஆட்டத்தின் ஒழுங்குக்கு எதிரானதன்று. இவ்வளவுக்கு ஒப்புமை செல்லும். இதற்கு மேல் செல்லாது. ஆட்சியாளரின் இசைவு ஆட்சிக்கு மட்டுமே போதுமானது. அண்டை வீட்டாரின் இசைவை ஆட்சியாளர் கொடுத்துவிட முடியாது. நடுவர் தம் தலையை அசைக்கலாம். மற்ற மூவரின் தலைகளையும் சேர்த்து அசைக்க அவருக்கு உரிமையில்லை. சீட்டை வாங்கும் முன் அவர் தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றே: "இத்தகைய சீட்டு இந்த மேசையில் நீட்டப்படலாம் என்பதை மற்றவர்கள் அறிவார்களா?" அறியார் எனின், சீட்டைத் திருப்பிக் கொடுப்பதே அவர் கடமை.

இழப்பின் அளவு

உடன்பாடு எவ்வளவு தெளிவாக இருக்க வேண்டும் என்பது, வஞ்சிக்கப்படுபவர் எதை இழக்கிறார் என்பதைப் பொறுத்தது.

வஞ்சகத்தையே உயிராகக் கொண்ட ஆட்டங்கள் இதை நன்குணர்ந்துள்ளன. ஆலன் கால்ஹாமர் என்னும் அமெரிக்கர் 1959இல் வெளியிட்ட "டிப்ளமசி" பாகமேற்கும் ஆட்டமன்று. ஐரோப்பாவின் ஏழு வல்லரசுகளை எழுவர் நடத்தும் பலகையாட்டம். ஆடுவோர் தனியறையில் பேசி உடன்படிக்கை செய்துகொள்ளலாம். எந்த வாக்கும் எவரையும் கட்டுப்படுத்தாது. கட்டளைகளை மறைவாக எழுதி ஒரே நேரத்தில் வெளியிடும்போதுதான், நண்பர் யார், முதுகில் குத்தியவர் யார் என்பது தெரியவரும். இழப்பு கடுமையானது, ஆனால் ஒரே அமர்வோடு முடிந்துவிடும். விதிகளைப் படித்தவர் எவரும் அறியாமல் வந்து அமர்வதில்லை.

1984இல் வெளிவந்த "பாரனோயா" பாகமேற்கும் ஆட்டமே. கணிப்பொறி ஒன்று ஆளும் நகரம் அதன் களம். இரகசியச் சங்கத்தில் சேர்வது அங்கே துரோகம். ஆனால் ஆடும் ஒவ்வொருவரும் ஓர் இரகசியச் சங்கத்தின் உறுப்பினர். ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பதே பிழைக்கும் வழி. அவ்வாட்டத்தை அமைத்தவர்கள் ஒவ்வொரு மாந்தனுக்கும் ஆறு உடல்களைக் கொடுத்தனர். ஒன்று அழிந்தால் அடுத்தது வந்து சேரும். துரோகம் மலிந்த இடத்தில் இழப்பையும் மலிவாக்கினர். ஆகவே கண்ணீர் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வருகிறது.

நீண்ட கதையாக ஆடும் மேசையில் நிலைமை வேறு. அங்கே ஒருவருக்கு ஒரே மாந்தன். ஓராண்டு வளர்த்த அந்த மாந்தனை ஒரு துண்டுச் சீட்டு அழித்துவிடலாம். இழப்பு எவ்வளவு பெரிதோ, உடன்பாடும் அவ்வளவு வெளிப்படையாக இருக்க வேண்டும் என்பதே இவ்வாட்டங்கள் கற்பிக்கும் பாடம். இன்றைய குழுக்கள் பல, கதை தொடங்குமுன் ஒரு நாளைப் பேச்சுக்கென்றே ஒதுக்குகின்றன. எது நிகழலாம், எது நிகழலாகாது என்று அன்று முடிவு செய்கின்றன. இது சுவையைக் குறைக்கும் என்று சிலர் அஞ்சுவர். யார், எப்போது, எவ்வாறு என்பன மறைந்தேயிருக்கும். நிகழக்கூடும் என்பது மட்டுமே வெளிப்படும். 304 ஆட்டத்தில் துருப்பு கவிழ்ந்திருக்கிறது என்பதை அறிந்திருப்பதால் ஆட்டத்தின் சுவை குன்றியதில்லை.

வகுப்பறைக்கு ஒரு சொல்

தமிழ்ப்பள்ளிகளில் பாகமேற்று நடித்தல் கற்பித்தல் முறைகளுள் ஒன்று. கதை மாந்தரின் மனத்தை மாணவர் உள்ளிருந்து உணர அது உதவுகிறது. நல்லவனாக மட்டுமே நடித்துப் பழகும் மாணவன், வஞ்சகம் எவ்வாறு இனிய சொல்லோடு வரும் என்பதை அறியாமலேயே வளர்ந்துவிடுவான். எனவே வஞ்சகப் பாத்திரத்தை வகுப்பிலிருந்து விலக்க வேண்டியதில்லை. அதைச் சுற்றி வேலி அமைத்தால் போதும்.

வேலிக்கு நான்கு கால்கள். முதலாவது, குழுவில் ஒருவர் மறைவான நோக்கத்தோடு இருக்கக்கூடும் என்பதைத் தொடங்கும் முன் எல்லாரிடமும் சொல்லிவிடுதல். இரண்டாவது, அப்பாகத்தைச் சீட்டுக் குலுக்கித் தருதல். மாணவரே தேர்ந்துகொண்டால் பழைய சண்டை அதற்குள் புகுந்துவிடும். மூன்றாவது, மற்றவர்கள் கண்டறியத் தடயம் வைத்தல். கண்டுபிடிக்கும் முயற்சியே அவர்களுக்குக் கல்வி. நான்காவது, முடிந்தபின் வட்டமாக அமர்ந்து பேசுதல். வஞ்சித்தவன் தன் திட்டத்தைச் சொல்லட்டும். வஞ்சிக்கப்பட்டவன் எப்போது ஐயுற்றான், ஏன் நம்பினான் என்று சொல்லட்டும். இருவரும் தத்தம் பெயரில் பேசட்டும், பாத்திரத்தின் பெயரில் வேண்டா.

நான்காவதை நேரமின்மையால் விட்டுவிடுவது எளிது. அதை விட்டால் முன் மூன்றும் பயனற்றுப்போம். மணி அடித்து, வேடம் கலையாமலேயே மாணவர் வெளியேறினால், திடலில் நடக்கும் சண்டை வகுப்பில் ஏற்ற பாகத்தின் தொடர்ச்சியாக அமையலாம். தனித்து நிற்கும் மாணவன் ஒருவன், அவனை எல்லாரும் கூடி ஏமாற்றிச் சிரித்ததை ஆட்டமென்று எண்ணமாட்டான். மூவர் ஒருவனுக்கு எதிராக மறைவில் கூடும் ஆட்டத்தை எந்த விதியாலும் நேர்மையாக்க முடியாது என்பதை ஆசிரியர் நினைவிற் கொள்ள வேண்டும். எல்லாரும் அறிந்து ஒருவன் மட்டும் அறியாத இரகசியம், எந்தப் பெயரிட்டாலும் ஏளனமே.

சூழ்ச்சி வெளிப்படும் நொடியில், வஞ்சிக்கப்பட்டவரின் முகமே இறுதித் தீர்ப்பைத் தருகிறது. "அடடா, அன்றைக்கே நான் கவனித்திருக்க வேண்டும்" என்று அவர் வியந்தால் சூழ்ந்தவர் நன்றாக ஆடியிருக்கிறார். "இதற்காகத்தானா என்னை அழைத்தீர்கள்?" என்று அவர் கேட்டால், சூழ்ந்தவரின் மாந்தன் வென்றிருக்கலாம், சூழ்ந்தவர் தோற்றுவிட்டார். ஒருவரையொருவர் வஞ்சித்து ஆடிய நால்வரும் ஒரே தட்டில் பலகாரம் எடுத்துத் தின்றுகொண்டே அடுத்த ஆட்டத்துக்கு நாள் குறிக்கின்றனர் எனின், அந்த மேசையில் அறம் பிழைக்கவில்லை.